ஒன்பது நாள் மாத்திரை இல்லை

மம்சாபுரத்திலிருந்து ஒரு தொழிலாளி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் நான்கு பக்கம். பெயரை வெளியிட வேண்டாம் என்று இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார். தகப்பனாரின் சர்க்கரை வியாதியைப் பற்றியோ, தாயாரின் முழங்கால் வலியைப் பற்றியோ எழுதியிருந்தால் அவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். மனநோயைப் பற்றி எழுதும்போதுதான் உழைப்பாளி மனிதன் தன் பெயரை ஒளித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயரை நாம் வெளியிடவில்லை. விஷயத்தை வெளியிடுகிறோம்.

அவர் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறியில் வேலை செய்கிறவர். அவர் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் மனச்சோர்வு நோய் கண்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, அடுப்புப் பற்றவைக்கவும் எழுந்திருக்கவில்லை. பொழுது விடியும் முன்னே தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் போய் நின்றதை யாரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டார் விழித்துக்கொண்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். காலையில் ஒரு மாத்திரை, இரவில் தூங்குவதற்கு ஒரு மாத்திரை. மூன்று மாதத்தில் அந்த அம்மாள் எழுந்து நடமாடினார். களையெடுப்புக்கும் போக ஆரம்பித்தார். “மாத்திரைதான் என் பொண்டாட்டியைத் திருப்பிக் கொடுத்தது” என்று தோழர் எழுதுகிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மருந்து கொடுக்கும் ஜன்னலில், “ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வந்து பாருங்க” என்றார்கள். வெளியில் வாங்குவதற்கு அன்று கையில் காசு இல்லை. இரவு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கொடுக்க மருந்துக்கடை அண்ணாச்சி மறுத்துவிட்டார். மறுத்தது சரிதான், அவரைக் குறை சொல்வதற்கில்லை. மனநோய் டாக்டர் வருகிற நாளோ அடுத்த வாரம். ஆக, ஒன்பது நாள் மாத்திரை இல்லை.

மூன்றாம் நாள் தலை சுற்றியது. நான்காம் நாள், தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது என்று அந்த அம்மாள் அழுதார். குமட்டல், கை நடுக்கம், கண்டபடி கனவு, ஐந்து இரவு தூக்கமே இல்லை. தொட்டதற்கெல்லாம் கோபம். “பழையபடி ஆரம்பிச்சிட்டா” என்றார் மாமியார். பக்கத்து வீட்டு மதினி ஒரு மந்திரிக்கிறவரைச் சொன்னார். கயிற்றுக்கும் கோழிக்கும் சேர்த்துக் கொடுத்த பணம், ஒரு மாதத்து மாத்திரையை வெளியில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் என்று தோழர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். பத்தாம் நாள் மாத்திரை கிடைத்தது. இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி என்று நாம் எழுதப்போவதில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினால் ஒரு பார்மசிஸ்ட்டை மாற்றிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். தோழர் கேட்கும் கேள்விகள் இரண்டு. என் மனைவிக்கு வந்தது நோய் திரும்பி வந்ததா, மாத்திரை நின்றதால் வந்ததா? இந்த மாத்திரையை என்றைக்காவது நிறுத்த முடியுமா, ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டியதுதானா? இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் அந்த ஜன்னலிலேயே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதால் நாம் எழுதுகிறோம்.

முதல் கேள்விக்குப் பதில்: அந்த ஒன்பது நாள் அவஸ்தை, அவர் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், மாத்திரை திடீரென்று நின்றதன் விளைவு. மூளை பல மாதங்களாக ஒரு மருந்தோடு ஒத்துப்போய் வேலை செய்து பழகியிருக்கிறது. ஒரே நாளில் அதை எடுத்துவிட்டால் உடம்பு தடுமாறுகிறது. இது மனதின் பலவீனம் அல்ல, நடிப்பும் அல்ல, பேயும் அல்ல. பழைய நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மெள்ள மெள்ள, பழைய உருவத்திலேயே திரும்பும். மாத்திரை நின்ற கோளாறோ சில நாளிலேயே வந்து நிற்கும். தலைச்சுற்றல், குமட்டல், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி என்று, முன்பு நோயில் இல்லாத உடல் அடையாளங்களோடு வரும். மாத்திரையை மறுபடி கொடுத்தால் சீக்கிரமே அடங்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சில வேளை டாக்டருக்கே கஷ்டம். ஆனால் இரண்டு உண்டு என்ற விஷயமே வீட்டாருக்குத் தெரியாமல் இருந்தால், நல்ல குணத்தோடு இருக்கிற பெண்ணைப் “பழையபடி ஆரம்பித்தவள்” என்று முத்திரை குத்துவதைத் தவிர அவர்களால் வேறென்ன செய்ய முடியும்? மாமியார் மேல் நமக்குக் கோபம் இல்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? இல்லை. மனச்சோர்வுக்கு முதன்முதலில் வந்த மாத்திரைகளில் ஒன்றான இமிப்ரமினை நிறுத்தும்போது இப்படிப்பட்ட கோளாறுகள் வருவதை 1959-ஆம் ஆண்டிலேயே டாக்டர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். லிப்ரியம் என்ற அமைதி மாத்திரை 1960-இல் கடைக்கு வந்தது. அதை அதிக அளவில் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும் என்பது மறு வருஷமே, 1961-இல், அமெரிக்காவில் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் வேலியம் வந்தது, உலகமெல்லாம் விற்றது. லண்டனைச் சேர்ந்த மால்கம் லேடர் என்ற பேராசிரியர் 1978-இல் இந்த மாத்திரைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, இவை ஜனங்களின் அபினியா என்று கேட்டுத் தலைப்பு வைத்தார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா இந்த வகை மாத்திரைகளின் அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு, பழகிப்போகும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று அச்சிட உத்தரவிட்டது எப்போது தெரியுமா? 2020 செப்டம்பரில். அறுபது வருஷம்!

வார்த்தை விளையாட்டும் நடந்தது. புதிய தலைமுறை மனச்சோர்வு மாத்திரைகள் 1980-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தபோது, இவை பழைய தூக்க மாத்திரை போல் பழக்கம் உண்டாக்காதவை என்று சொல்லி விற்றார்கள். நிறுத்தியவர்களுக்குக் கோளாறு வந்தது. கள்ளுக்கும் அபினுக்கும் உபயோகிக்கிற வார்த்தையை இதற்கும் உபயோகித்தால் வியாபாரம் என்னாவது? 1996 இறுதியில் அமெரிக்காவில், ப்ரோசாக் மாத்திரையை விற்கும் இலை லில்லி கம்பெனியின் பணத்தில், நிபுணர்கள் கூடினார்கள். “நிறுத்தக் குறிகள்” என்று சாதுவாக ஒரு பெயர் அடுத்த வருஷம் வைத்தியப் பத்திரிகையில் வந்தது. லில்லியின் மாத்திரை உடம்பில் நெடுநாள் தங்குகிற ஜாதி. ஆகவே நிறுத்தினால் தொல்லை குறைவு. போட்டிக் கம்பெனியின் பராக்ஸெட்டினோ சீக்கிரம் வெளியேறுவது, தொல்லை அதிகம். போட்டிக்காரனின் சரக்கில் உள்ள குறை வெளியே தெரிய வேண்டும், ஆனால் அதன் பெயர் மட்டும் பயமுறுத்தக் கூடாது. இதுதான் அந்தக் கூட்டத்தின் சாமர்த்தியம்.

பிரிட்டனில் சர்க்கார் வழிகாட்டி வெகு காலம் என்ன சொன்னது? நிறுத்தினால் வரும் கோளாறு லேசானது, ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும் என்றது. மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் விடாமல் எழுதினார்கள், மனுப்போட்டார்கள். 2019-இல் அங்குள்ள மனநோய் டாக்டர்களின் ராயல் கல்லூரி தன் நிலையை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வழிகாட்டியும் திருத்தப்பட்டது. நோயாளிகள் பேசியதால்தான் திருத்தம் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நம்முடைய சில நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். “பார்த்தீர்களா, மனநோய் மாத்திரை எல்லாமே கம்பெனிக்காரன் மோசடி, தூக்கி எறியுங்கள்” என்று பேசுகிற சூரர்கள் இருக்கிறார்கள். இது ஏழைக்குச் செய்கிற உபகாரம் அல்ல, துரோகம். மனப்பிளவு நோய்க்காரர்கள் விஷயத்தில், 65 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வந்த கணக்கு ஒன்று உண்டு. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு; நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு. மனச்சோர்வு விஷயத்தில், நெடுநாள் மாத்திரை சாப்பிட்டு, குணமாகி, இனி நிறுத்தலாம் என்று தோன்றியவர்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்த பரிசோதனை 2021-இல் வெளியாயிற்று. ஓராண்டில் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. அதாவது, நிறுத்தியவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நன்றாகவே இருந்தார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. பைத்தியக்காரன் என்று சங்கிலி போட்டுக் கட்டிவைக்கப்பட்ட 28 மனிதர்கள் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீயில் கருகியதை இந்த நாடு மறந்திருக்கலாம். நாம் மறக்கவில்லை. மருந்து போய்ச் சேராத இடத்தில்தான் சங்கிலி போய்ச் சேருகிறது.

கோளாறு எல்லோருக்கும் வருமா? வராது. ஜெர்மன் டாக்டர்கள் 79 ஆராய்ச்சிகளை, 21,000 பேரை, ஒன்றுசேர்த்து 2024-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு கோளாறு. வெறும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் கோளாறு சொன்னார்கள். ஆக, மருந்தினால் வந்தது என்று சொல்லத்தக்கது ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. இந்தக் கணக்கிலும் தர்க்கம் இருக்கிறது. பல ஆராய்ச்சிகள் சில வாரம் மட்டுமே மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்தவை, வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கதை வேறு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், மம்சாபுரத்து அம்மாளுக்கு வந்தது வந்ததுதான்.

இரண்டாவது கேள்வி: நிறுத்த முடியுமா? பலருக்கு முடியும். எப்போது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். எப்படி என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முழு மாத்திரை, பிறகு அரை மாத்திரை, பிறகு ஒன்றுமில்லை. இதுதான் வழக்கம். இது ஏன் சரிப்படுவதில்லை என்பதை லண்டனில் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சிட்டலோப்ராம் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அந்த மருந்து மூளையில் போய் வேலை செய்கிற இடங்களில், 40 மில்லிகிராம் கொடுத்தால் சுமார் 86 சதவீதம் நிரம்புகிறது. 20 கொடுத்தால் 80. வெறும் 5 மில்லிகிராமிலேயே கிட்டத்தட்ட 60 நிரம்பிவிடுகிறது. அப்படியானால் 40-லிருந்து 20-க்கு இறங்குவது ஆறு படி. 5-லிருந்து சுழிக்கு இறங்குவது ஏறக்குறைய அறுபது படி! நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே படி வரிசையாக இருக்கும். கடைசிப் படிக்குக் கீழே ஒரேயடியாகப் பள்ளம். படி முடிந்த இடத்தில் தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கிறவன் விழுகிறான். ஆகவே கடைசியில்தான் மிகமிகச் சிறிய அளவுகளாக, வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், குறைக்க வேண்டும். ஹாலந்தில் இதற்கென்றே நாளுக்கு நாள் அளவு குறைகிற சிறு மாத்திரைகளைச் சரமாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் கடைசி அளவு மாத்திரையைப் பிளேடால் நான்காக வெட்டச் சொல்கிறார்கள். பேண்டேஜ் துணியை நூல் எண்ணி நெய்கிற கை, மாத்திரையைக் கண்மதிப்பில் வெட்ட வேண்டியிருக்கிறது.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலாம், டயசிபாம் வகை இன்னும் கவனம் வேண்டியது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அம்மாளுக்கு வலிப்பு வராமல் போனது நல்ல காலம். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் வெறி நிலை சீக்கிரமே திரும்பும். குளோசாபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், மறுபடி பழைய அளவிலேயே எடுக்கக் கூடாது. டாக்டரிடம் போய்ச் சிறு அளவிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றை நாலு வரியில் தமிழில் அச்சடித்து மருந்துப் பொட்டலத்தோடு கொடுக்க எத்தனை காசு ஆகும்?

இனி சர்க்காரிடம் வருவோம். 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 18-வது பிரிவு சிகிச்சையை உரிமை என்று சொல்கிறது. தருமம் என்று சொல்லவில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் அனைத்தும், சமூக சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், மனநோயாளிகளுக்கு, எல்லா நேரங்களிலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதே பிரிவு எழுத்தில் சொல்கிறது. எல்லா நேரங்களிலும்! “அடுத்த வாரம் வந்து பாருங்க” என்பது எந்த நேரத்தில் சேர்த்தி?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த மாத்திரைகளில் மிகப் பல, பேடண்ட் காலம் முடிந்த பழைய சரக்கு. 1970-ஆம் ஆண்டுப் பேடண்ட் சட்டம் வந்த பிறகு நம் நாட்டிலேயே மலிவாகத் தயாராகிறவை. ஏற்பாடு இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி, ஜில்லாவில் கிடங்கு வைத்து, ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதன் முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துப் பின்பற்றின. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் ராஜ்யத்தில் ஒரு பெண் ஒன்பது நாள் மாத்திரையில்லாமல் துடித்தாள் என்றால், தட்டுப்பாடு மருந்தில் இல்லை, அக்கறையில்தான்.

காய்ச்சல் மாத்திரை தீர்ந்தால் நாளைக்குக் கொடுக்கலாம்; காய்ச்சல்காரன் அதற்குள் குணமாகியும் போவான். இந்த மாத்திரை அப்படியல்ல. இது தீர்ந்து போவதே ஒரு நோயை உண்டாக்குகிறது. சர்க்கார் தன் கையால் பழக்கிய மருந்தைச் சர்க்காரே திடீரென்று பறிப்பது, சிகிச்சை கொடுக்காமல் இருப்பதைவிடக் கெட்ட காரியம். இந்த ஒரு விஷயம் கிடங்கு அதிகாரிகளுக்குப் புரிந்தால் போதும். இந்த மருந்துகளின் கையிருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும்போதே மணி அடிக்க வேண்டும் என்று அவர்களே விதி செய்வார்கள்.

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு வந்தபோது நிலைமை எப்படியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பஸ் நின்றது. மதுரைக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் போய் மாத்திரை வாங்கி வந்தவர்கள் எப்படிப் போவார்கள்? சாராயக் கடை மூடியதால் கை நடுங்கியவர்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. மாத்திரை நின்று தலை சுற்றியவர்களைப் பற்றி எழுதிய பத்திரிகைகளைத் தேட வேண்டியிருக்கிறது. (நாமும் அன்று போதுமான அளவு எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்டில், மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. நல்ல திட்டம். அந்தப் பைக்குள், டாக்டர் சீட்டு உள்ளவர்களுக்கு, இந்த மாத்திரைகளும் தவறாமல் இருக்கட்டும் என்று கேட்கிறோம். டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதினால் ஒரு வாரத்து மாத்திரையாவது கூடுதலாகக் கையில் இருக்கும்படி கொடுக்கட்டும். நிறுத்த வேண்டிய கட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சிறு அளவு மாத்திரைகளையும், சொட்டாக அளந்து குறைக்கக்கூடிய திரவ மருந்தையும் மருத்துவப் பணிகள் கழகம் வாங்கட்டும். டாக்டர் வரும் நாளில் ஒரு முழு நாள் கூலி போகிறது; தறி நின்றால் கூலி இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் மாலையில் மருந்து வாங்கும்படி ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். உலகத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற ஜனங்கள், தங்கள் சொந்த ஆஸ்பத்திரியில் பத்து மாத்திரைக்குக் கெஞ்சி நிற்பதா?

கடிதம் எழுதிய தோழருக்குச் சில வார்த்தைகள். உங்கள் மனைவி தைரியமாக மாத்திரையைத் தொடரட்டும். உங்கள் முடிவாகவோ மாமியார் முடிவாகவோ ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். குணமாகி வெகு நாளாகிவிட்டது என்று தோன்றினால், குறைக்கலாமா, எத்தனை மாதத்தில், எந்த அளவுகளில் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மாத்திரை தீர்ந்த அன்று புறப்படாதீர்கள்; பத்து மாத்திரை மீதி இருக்கும்போதே போங்கள். ராத்திரி வேளையில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற சர்க்கார் டெலிபோன் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். வலிப்போ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ வந்தால் டெலிபோனுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. அது கையில் கிடந்துவிட்டுப் போகட்டும். அடுத்த டாக்டர் நாளில், இதே மாத்திரை சாப்பிடுகிற இன்னும் நான்கு வீட்டாரோடு சேர்ந்து அந்த ஜன்னலுக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போங்கள். கையிருப்புக் கணக்கு என்ன, எந்தத் தேதியில் தீர்ந்தது, எந்தத் தேதியில் கிடங்குக்கு எழுதினார்கள் என்று மூன்றே கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடைத்த பதிலை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.